ஹோம்வொர்க்குக்கு முன் அரை மணி நேரம்: வடசென்னை மாலை வகுப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் மாலை வகுப்பும் இரவுப் பாடசாலையும் நடத்தும் மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கும், அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும்,

வணக்கம்.

வியாசர்பாடியிலிருந்து எர்ணாவூர் வரை, சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் மன்றக் கட்டடங்களிலும் கோயில் திண்ணைகளிலும் குடியிருப்பு மொட்டை மாடிகளிலும் பாய் விரிகிறது. பெரிய நிதி எதுவும் இல்லாமல், வேலை முடிந்து வந்த களைப்போடு நீங்கள் அதை நடத்துகிறீர்கள். குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம். வாரத்தில் மூன்று நாள், ஹோம்வொர்க் நோட்டைத் திறப்பதற்கு முன், முதல் அரை மணி நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள். எல்லோருக்கும் வேண்டாம். 2-ஆம் வகுப்பு முதல் 5-ஆம் வகுப்பு வரை படித்துக்கொண்டு, இன்னும் ஒரு வரியைத் தட்டுத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு மட்டும்.

இப்போது பல இடங்களில் நடப்பது உங்களுக்கே தெரியும். கேள்விக்குப் பதில் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று அக்கா பென்சிலால் கோடு போட்டுத் தருகிறார். பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறது. நோட்டு நிறைகிறது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, பள்ளியில் டிக் விழுகிறது. அதே வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்டால் பிள்ளை மின்விசிறியைப் பார்க்கிறது. பார்த்தெழுதுவது அதற்குக் கோலம் போடுகிற மாதிரி. வளைவு தெரியும், சுழி தெரியும். எந்தச் சுழிக்கு எந்த ஒலி என்பது தெரியாது.

வாசிக்க வராத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அதை மறைக்க அந்தப் பிள்ளை படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. தன் முறை வரும்போது தண்ணீர் குடிக்கப் போகும். வயிறு வலிக்கும். பென்சில் முனை சரியாக அப்போதுதான் உடையும். குரல் முணுமுணுப்பாகிவிடும். கெட்டிக்காரப் பிள்ளை பாடத்தையே மனப்பாடம் செய்துவிடும். படத்தை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலைக்கூட வரியின்மேல் அழகாக நகர்த்தும். உறுதி செய்துகொள்ள எளிய வழி, படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்வது. அதைத் தனியாக, வாசற்படி ஓரத்தில் செய்யுங்கள். நாலு பேர் எதிரில் செய்தால் நீங்கள் கண்டுபிடித்தது பிள்ளைக்குத் தண்டனை ஆகிவிடும்.

உங்களில் பலர் கேரமும் பாக்சிங்கும் கால்பந்தும் சொல்லிக்கொடுக்கிறவர்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண்தான். போர்டுக்குப் புதிதாக வரும் ஏழு வயதுப் பிள்ளையை முதல் நாளே மேட்ச்சில் இறக்குவோமா? பாக்கெட் வாயிலேயே காயை வைத்து அடிக்கவிடுவோம். விழும். அடுத்து நாலு விரல் தள்ளி வைப்போம். ஸ்ட்ரைக்கரே உள்ளே போய்விட்டால் சிரித்துவிட்டு இன்னொரு தடவை கொடுப்போம். எழுத்து விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை நம்மிடம் காணாமல் போகிறது. 4-ஆம் வகுப்பில் இருக்கிறான் என்பதற்காக 4-ஆம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து, திணறினால் “இதுகூடத் தெரியாதா” என்கிறோம். “உன்னால முடியும்” என்று ஆயிரம் தடவை சொல்லலாம். காய் ஒரு தடவையாவது விழ வேண்டாமா?

அதனால் முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிடம் உட்காருங்கள். ஐந்து அட்டைகள் போதும். முதல் அட்டையில் பத்துத் தனி எழுத்துகள்: க, ட, ம, ப, வ, ர, த, ந, அ, ல. இரண்டாவதில் துணைக்காலும் (‘கா’வில் வரும் கால்) விசிறியும் (‘கி’, ‘கீ’யில் வரும் மேல்வளைவு) தாண்டாத பத்துச் சொற்கள். மரம், படம், பால், மணி, காகம் போல. மூன்றாவதில் ஒற்று நடுவில் வரும் சொற்கள்: பட்டம், தக்காளி, பந்து, நண்டு, சங்கு. நான்காவதில் கொம்பு வைத்தவை: தேன், மேகம், வலை, கொடி, சோறு. ஐந்தாவதில் நான்கு வரிப் பத்தி. பத்துக்கு எட்டு வந்தால் அடுத்த அட்டை. வராவிட்டால் அங்கேயே நிறுத்தி, தேறிய அட்டையிலிருந்து இரண்டு சொல்லை மறுபடி படிக்கவைத்துப் பிள்ளையை எழுப்பிவிடுங்கள். தவறிய சொல்லோடு எழுந்துபோகக் கூடாது. 2005 முதல் நடக்கும் ‘அசர்’ (ASER) கல்வி ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிகள் வைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இதுவும் அதே வழிதான். தமிழ் எழுத்தில் பிள்ளைகள் சிக்கும் இடங்களுக்காகச் ‘சொல்’ என்ற படியை மூன்றாகப் பிரித்திருக்கிறோம்.

சிக்கும் இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது தெரியாததால்தான் பாதி அதட்டல் நடக்கிறது.

‘பட்டம்’ என்ற சொல்லைக் காட்டுங்கள். பிள்ளை “ப... இட்... ட... இம்...” என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நாலு எழுத்தும் சரி, சொல் மட்டும் வரவில்லை. மெய்யெழுத்தின் பெயரை ‘இட்’, ‘இம்’ என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். வாசிக்கும்போது அந்த ‘இ’ காணாமல் போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. புள்ளி எழுத்தைத் தனியே நிற்க விடாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள எழுத்தையும் சேர்த்து அடியில் பென்சிலால் ஒரு வளைவு போடுங்கள்: பட்/டம், பந்/து, தக்/கா/ளி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கைதட்டு. யாப்பில் அசை பிரிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். ஒற்று தனி அசையாக நிற்காது, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். உயர்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகச் சொல்லிக்கொடுப்பதை இரண்டாம் வகுப்பில் வாசிப்பதற்காகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டு வாரத்தில் ‘இட்’டை விட்டுவிடும்.

அடுத்தது கொம்பு. துணைக்கால் எழுத்துக்கு வலப்பக்கம் நிற்கிறது. கண் போகிற வரிசையும் ஒலி வருகிற வரிசையும் ஒன்று. கொம்பு அப்படி இல்லை. ‘தே’ என்பதில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக்கொம்பு, ஆனால் வாயில் முதலில் வருவது த். ‘கொ’ இன்னும் மோசம். இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால். அந்தக் காலும் அச்சில் ‘ர’ போலவே இருக்கிறது. ‘கொடி’யைப் பிள்ளை “கெ-ர-டி” என்று படித்தால் அது முட்டாள்தனம் இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாகப் படித்திருக்கிறது. ஆகவே துணைக்கால் முதலில், பிறகு இரண்டு விசிறிகள், பிறகு உகரம், கொம்பு வகையெல்லாம் அதற்கப்புறம். கொம்பைக் காட்டும்போது நடு எழுத்தை மட்டும் சிவப்புப் பென்சிலில் எழுதி, “சிவப்பை முதல்ல பிடி, அப்பறம் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பாரு” என்று சொல்லுங்கள். ஔகாரத்தை ஒத்திப்போடுங்கள். கௌதாரியையும் பௌர்ணமியையும் இந்த வருடமே படித்தாக வேண்டும் என்பதில்லை.

உகரத்தை ‘கு, ஙு, சு’ என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஒவ்வொன்றுக்கும் உருவம் வேறு. மூன்று குடும்பமாகப் பிரித்துவிடுங்கள். சு, பு, யு, வு: கீழே நேர்க்கோடு இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு: அடியில் சுற்றி வளையும். து, நு, ணு, லு, று, னு: வலப்பக்கமாக ஏறித் திரும்பும். வாரத்துக்கு ஒரு குடும்பம்.

சுவரில் 247 எழுத்து அட்டவணை தொங்கட்டும், எடுக்க வேண்டாம். ஆனால் தினமும் அதை ஒப்பிக்க வைப்பதை நிறுத்துங்கள். பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் ‘கே’ ஒன்றை மட்டும் காட்டினால் “க, கா, கி, கீ” என்று முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும். ண, ன, ந மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “வித்தியாசம் பாரு” என்பதும் வேண்டாம். ஒன்று ஊறிய பிறகு, ஒரு வாரமாவது தள்ளி அடுத்தது. ர/ற, ல/ள/ழ எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. இன்னொன்றையும் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஒரே ‘க’, ‘காகம்’ என்ற சொல்லில் முதலிடத்தில் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கும், ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் ஒன்று போல ஒலிக்காது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் இதில் ரொம்பவே குழம்புகிறார்கள், ஏன் என்று கேட்கப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சொற்களை எங்கே தேடுவது? ‘அம்மா, ஆடு, இலை’யிலேயே நிற்க வேண்டாம். காசிமேட்டுப் பிள்ளைக்கு வலை, படகு, சுறா, நண்டு, இறால் எல்லாம் வாயில் இருக்கும் சொற்கள். வடசென்னைக்கே உரிய ஒரு நல்ல சொல் இருக்கிறது: பேட்டை. இரட்டைக்கொம்பு, இரட்டித்த ஒற்று, இணைக்கொம்பு என்று கடினமானவை மூன்றும் அந்த ஒரே சொல்லில் கிடக்கின்றன. அதை ஒரு வாரம் எடுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை என்று பஸ் போர்டிலும் மெட்ரோ நிலையத்திலும் கடைப் பலகையிலும் அதே பேட்டை. நீளமான பெயரின் பின்பாதியைத் தானே படித்துவிட்ட பிள்ளை முன்பாதியை விட்டுவைக்காது. (தண்டையார்பேட்டையில் மட்டும் ஏன் ‘ப்’ இல்லை என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் கொண்டாடுங்கள்.)

இனி அந்த அரை மணி நேரம். முதல் மூன்று, நான்கு நிமிடம் நேற்றுப் படித்து முடித்த பழைய பக்கத்தையே மறுபடி படிக்கட்டும். தடையில்லாமல் ஓடும் என்று நமக்குத் தெரிந்த பக்கம். பிறகு ஏழெட்டு நிமிடம் சொல்லட்டை. ஐந்து தெரிந்தவை, இரண்டு புதியவை, அதற்கு மேல் வேண்டாம். ஏழும் புதியதாக இருந்தால் பிள்ளை மூன்றாவதிலேயே சுருங்கிவிடும். பிறகு பத்து நிமிடம் புதிய பக்கம். முதலில் நீங்கள் விரல் வைத்துப் படித்துக்காட்டுங்கள், அடுத்து இரண்டு பேரும் சேர்ந்து, கடைசியில் பிள்ளை தனியாக. சேர்ந்து படிக்கும்போது உங்கள் குரல் பிள்ளையின் குரலுக்கு அரை நொடி பின்னால் வரட்டும். முந்தினால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் உங்களையே எதிரொலிக்கும். பிறகு ஐந்து நிமிடம் எழுத்து: பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லட்டும், “எங்க தாத்தா இன்னைக்கு வலை தச்சாரு” என்பதுபோல. அதை நீங்கள் அட்டையில் எழுதி, சொல் சொல்லாக வெட்டி, கலைத்துக் கொடுங்கள். பிள்ளை அடுக்கி, படித்து, நோட்டில் எழுதட்டும். மிச்ச நேரம் நீங்கள் ஒரு கதை படியுங்கள், பிள்ளை சும்மா கேட்கட்டும். கேள்வி கேட்காதீர்கள்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி சொல்லிக்கொடுப்பவருக்கு மிக நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குறிப்பு: முதல் வளைவை மட்டும் விட்டு, மற்றதை விரலால் மறைத்துக் காட்டுங்கள். இன்னும் வரவில்லையா? ஒரு குறிப்பு, அதிகமானால் இரண்டு. பிறகு நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். ஐந்தாறு குறிப்பு கொடுத்துக் கறந்து எடுத்த சொல்லுக்குள் கதை செத்துப்போயிருக்கும். தவறாகப் படித்தால் வாக்கியம் முடியும்வரை வாய் திறக்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் அர்த்தம் இடிக்கிறது என்று தாங்களே திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பி வந்ததைத்தான் பாராட்ட வேண்டும். “சூப்பர்”, “வெரி குட்” எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது. “முதல்ல ‘தென்’னு படிச்சே, அப்பறம் நீயே கொம்பைப் பார்த்து ‘தேன்’னு மாத்திட்டே” என்றால் தெரியும். நாளைக்கும் கொம்பைப் பார்க்கும்.

பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு விடையைக் கத்துவது இருக்கிறதே, அதட்டலைவிட அதிகக் கெடுதல் செய்வது அதுதான். தெரிந்தால் கட்டைவிரலை நெஞ்சருகே வைத்துக் காட்டு, வாய் திறக்காதே என்று விதி வையுங்கள். குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். நாலு பேரும் சேர்ந்து உரக்கப் படித்தால் இரண்டு பேர் உதடு மட்டும் அசைப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பக்கம் சரியான பக்கமா என்று பார்க்க ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். இருபது சொல்லில் ஒன்று தவறினால் நல்லது, இரண்டு தவறினால் நீங்கள் கூடவே இருக்க வேண்டும், மூன்று தவறினால் பக்கத்தை மாற்றுங்கள். ஆனால் தமிழில் சொல் எண்ணிக்கை ஏமாற்றும். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ ஒரே சொல், எழுத்து பன்னிரண்டு. ஐந்து எழுத்துக்கு மேற்பட்ட சொல் பக்கத்துக்கு இரண்டு வந்தாலே ஆரம்பநிலைப் பிள்ளைக்கு அது மலை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் படிநிலை போட்ட தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி தாராளமாக வரும்படி அச்செடுங்கள். செல்போன் திரையில் படிக்கவைத்தால் விரல் பட்டுப் பக்கம் ஓடும், அடுத்து ஒரு விளம்பரம் வரும், அதோடு வகுப்பு முடிந்தது.

நம் பேச்சைப் பற்றி. புத்தகத்தில் ‘இருக்கிறது’ என்று இருக்கும், பிள்ளை “கீது” என்று படிக்கும். அது தவறு இல்லை. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வீட்டு மொழியில் சொல்லிவிட்டது. ‘பழம்’ என்பதை “பயம்” என்று படித்துவிட்டு வாழைப்பழப் படத்தைத் தொட்டால் அதுவும் வாசித்ததுதான். உச்சரிப்புத் திருத்தம் வேறு நாள், வேறு வேலை. அந்த இடத்தில் “ஒழுங்கா பேசு” என்று ஒரு தடவை சொன்னால், வீட்டில் எல்லோரும் பேசுவதே தப்பு என்று பிள்ளைக்குப் புரிகிறது. பிறகு வாயே திறக்காது. ஒரு அட்டையில் இரண்டு நெடுவரிசை போடுங்கள், ‘நாம பேசறது’ என்று ஒன்று, ‘புக்ல இருக்கறது’ என்று ஒன்று. குந்து / உட்கார். இஸ்துக்கினு / இழுத்துக்கொண்டு. இட்டா / அழைத்து வா. வந்துக்கினு கீறான் / வந்துகொண்டிருக்கிறான். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே சேர்த்துக்கொண்டு போவார்கள். குந்து பழைய தமிழ்ச் சொல், அகராதியில் இருக்கிறது என்றும் சொல்லி வையுங்கள். கொருக்குப்பேட்டையில் தெலுங்கும், சௌகார்பேட்டை ஓரத்தில் இந்தியும், இன்னும் சில தெருக்களில் உருதுவும் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். எழுத்தைக் கூட்டிவிடுவார்கள், சொல்லே தெரியாது. புதிய பக்கத்தைத் திறக்கும் முன் அதிலுள்ள மூன்று நான்கு சொற்களைப் படம் காட்டி, வாயால் பழக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் நுட்பமானது. 5-ஆம் வகுப்புப் பையனை 2-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். அவனுக்கு வேலை கொடுங்கள்: வெள்ளிக்கிழமை முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை படித்துக்காட்டும் பொறுப்பு. அதற்காகத் திங்களும் புதனும் அதே சின்னப் புத்தகத்தை உங்களோடு பழகுவான். எளிய புத்தகத்தைத் தொடுவதற்கு அவனுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. குழுக்களுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகத்தான் வைத்தார்கள். ஆனால் எந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்து மாற்றி அமைப்பதுதான் உருப்படியான வழி. ‘வீக் ஸ்டூடண்ட்’ என்ற சொல் அந்தப் பாயின்மேல் ஒலிக்கவே கூடாது.

பத்து தடவை எழுது, வெளியே நில், காதைத் திருகு: இவை வாசிப்பைக் கொடுத்ததில்லை. பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. மன்றம் பள்ளி இல்லை என்று யாராவது சட்டம் பேசினால், பள்ளியில் கூடாதது இங்கே மட்டும் எப்படி ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வருவோம். படிக்கத் தெரியாத அம்மா அப்பா பலர், நம்மால் என்ன உதவ முடியும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை. தினமும் பத்து நிமிடம், பிள்ளை விரல் வைத்துப் படிக்க, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டால் போதும். மார்க்கைக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும் புத்தகம் பிள்ளை ஏற்கெனவே சரளமாகப் படித்ததாக இருக்கட்டும். வீட்டில் முதல் தடவை திணறினால் அங்கே அடி விழும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளிக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அப்பாக்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் அவர்களை வகுப்புக்கே அழைத்துக் கேட்க வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் வகுப்பு இரண்டு வாரம் போய்விடும். அதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு புத்தகமும் பத்துச் சொல்லட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது புதிதாக ஆரம்பிக்காமல், இரண்டு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள்.

பதிவு நோட்டு ஒன்று. பிள்ளைக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி: தேதி, எந்தப் பக்கம், எத்தனை தவறு, எந்த எழுத்தில். ராங்க் பட்டியல் போல அதைச் சுவரில் ஒட்டாதீர்கள். பிள்ளைக்கு அதன் சொந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். வாரம் மூன்று நாள் தவறாமல் எட்டு வாரம் நடத்தியும் அட்டை மாறவில்லை என்றால் அதட்டலைக் கூட்டாமல் வேறு காரணம் தேடுங்கள். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறதா, கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கிறதா, அடிக்கடி தலைவலியா? கண் பரிசோதனை. கூப்பிட்டால் ஒரு பக்கம் திரும்புவதில்லையா, காதில் சீழ் வடிகிறதா? காது பரிசோதனை. பள்ளிகளில் மருத்துவக் குழு வரும் நாளை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு, அன்று பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்து, பேச்சில் கெட்டியாக இருக்கும் பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால், கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள். நோட்டின் அந்தப் பக்கத்தோடு பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். எட்டு வாரப் பதிவு கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். செமஸ்டர் வந்தால் காணாமல் போவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. குழுவுக்கு இரண்டு பேராக வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் ஒரு வாரம் முன்னால் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். வாசிப்பு வெளியே தெரியும் இடத்தில், கதவு திறந்தபடி நடக்கட்டும். திணறிப் படிக்கும் பிள்ளையை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது எந்த நன்கொடையாளருக்காகவும் வேண்டாம்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு சிலேட்டு, சாக்பீஸ் டப்பா, பதினைந்து மெல்லிய கதைப் புத்தகங்கள், வெளிச்சமான ஒரு எல்இடி பல்பு. ஜூன் மாதம் நோட்டு வழங்கும் விழாவுக்கு அடிக்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் ஒன்றைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு செலவை மட்டும் விடாதீர்கள்: பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சுண்டல். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அவர் பெயரில் கல்லூரியும் மெட்ரோ நிலையமும் நம் வண்ணாரப்பேட்டையில் இருக்கின்றன. காலையிலும் மதியமும் இன்று பள்ளியில் சாப்பாடு உண்டு. ஐந்தரை மணிப் பசி நம் பொறுப்பு.

எடுத்தவுடன் நாற்பது பேருக்கு வேண்டாம். நாலு பிள்ளைகள், ஒரு அக்கா, ஒரு பாய், திங்கள், புதன், வெள்ளி. அட்டைகளுக்கான மாதிரிச் சொற்கள் மேலே இருக்கின்றன; பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சுண்டலை மட்டும் முதலில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பவர்கள்